கால் பக்கத் தையல்

தொங்கிக்கொண்டிருந்த நூலைக் கிடங்குக்காரர் சும்மா ஒரு இழுப்பு இழுத்தார். அவ்வளவுதான். பையின் அடித்தையல் சரசரவென்று அவிழ்ந்து, பை வாயைப் பிளந்துகொண்டது.

அதைத் தூக்கிக்கொண்டு நேராகத் தையல் கூடத்துக்கு வந்து சூப்பர்வைசரிடம் நீட்டினார்.

சூப்பர்வைசருக்கு அங்கே வேலை செய்த பெண்கள் வைத்த பெயர் ஊசிக்கண்ணர். வாசலில் நின்றபடியே கடைசி மெஷினில் தப்பின தையலைச் சொல்லிவிடுவார். எறும்புகள் வரிசையாகப் போனால்கூட, நடுவில் ஒன்று கோணிக்கொண்டு போகிறதே என்று முகம் சுளிப்பார். கல்யாணத்தன்று மணப்பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் அவள் உடுப்பின் ஓரத் தையலைத்தான் பார்த்தாராம். சொன்னது அவர் பெண்டாட்டியே.

அப்பேர்ப்பட்டவர், இது யார் கைவேலை என்று கேட்பாரா? நூலை விரலில் சுற்றிப் பார்த்தார். விறுவிறுவென்று ஜன்னலோர மேஜைக்கு நடந்தார்.

அங்கே கையில் பெரிய ஊசியோடு உட்கார்ந்திருந்தாள் மூட்டைக்காரி.

ஒரு காலத்தில் அந்தக் கூடத்தில் குழந்தைகளுக்குப் பூப்போட்ட கவுன் தைத்தார்கள். ரூபாய் நோட்டு அடுப்பு மூட்டத்தான் லாயக்கு என்று ஆனபிறகு கவுன் வாங்க ஆளில்லை. சண்டை மூண்டதும் துணி வெட்டிய ஆண்கள் எல்லாரும் துப்பாக்கி தூக்கப் போனார்கள். வெட்டு மேஜைக்கும் பெண்களே வந்தார்கள். அப்புறம் ராணுவ ஆர்டர் வந்தது. ஆள் நீளத்துக்குப் பச்சைப் பை. ஒரு முனை திறப்பு, மறுமுனை தையல். ராணுவத்தாருக்குப் படுக்கைப் பை என்று ஆபீசில் சொன்னார்கள். சம்பளம் பணமாக இல்லை, மாவாக.

மூட்டைக்காரி நிலத்தில் உழைத்தவள். பம்புக்கு டீசல் இல்லாமல் முதலில் பயிர் போனது. பிறகு வெடிக்காத குண்டுகள் விழுந்து புதைந்ததில் நிலமும் போனது. அறுவடைக்கு அறுவடை தானிய மூட்டைக்கு வாய் தைத்த கை என்று சொல்லித்தான் இந்த வேலையை வாங்கினாள்; மூட்டைக்காரி என்ற பெயரும் அதிலேதான் வந்தது. பையின் தடித்த முனை மெஷினுக்கு அடங்காது, கையால்தான் தைத்தாக வேண்டும். அவள் கொண்டுபோகும் மாவில்தான் மாமியாரும் இரண்டு பிள்ளைகளும் வயிறு நனைத்தார்கள்.

"ஏம்மா, என்ன தையல் இது?"

"மூட்டைத் தையல் சார். முனை நூலை இழுத்தா மொத்தமும் அவிழ்ந்துடும்."

"அதைத்தான் கண்ணால பாத்தேனே. இரட்டைத் தையல் போடச் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"மறந்துட்டியா?"

"இல்லீங்க. தெரிஞ்சேதான் போட்டேன்."

பக்கத்தில் ஒவ்வொரு மெஷினாக நின்றது. ஒருத்தி இவளைக் காப்பாற்றுவதாக நினைத்து, நூல் சரியில்லை சார், இழுத்தாலே இளிக்குது என்று நடுவில் புகுந்தாள். நூல் இளிச்சா சரி, நீ ஏன் இளிக்கிறே என்று அவளை உட்கார வைத்தார் ஊசிக்கண்ணர்.

பிறகு அவர் குரல் தாழ்ந்தது. அதுதான் எல்லாரையும் பயமுறுத்தியது. கத்தினால் மனுஷர் அரை மணியில் மறந்துவிடுவார் என்று அவர்களுக்குத் தெரியும்.

"என் ஒரே பையன் மலையில, பனியில கிடக்கான்மா. இந்தப் பைதான் அவனுக்கும் போகும். தூக்கத்துல புரண்டு படுத்தான்னா கால் வெளிய வந்துடும். விரலெல்லாம் கறுத்துப் போயிடும். நீயும் பிள்ளை பெத்தவதானே?"

ஊசியையும் நூலையும் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போ என்றார். நாளையிலிருந்து வரவேண்டாம், இந்த வார மாவும் கிடையாது என்றார்.

அழுவாள், காலில் விழுவாள் என்று கூடமே காத்திருந்தது. அவளோ எழுந்து அவர் பக்கத்தில் வந்து நின்றாள். மற்றவர்கள் காதில் விழாதபடிதான் பேசினாள். இத்தனை நாள் சார் என்றவளுக்கு வாயில் வேறு சொல் வந்தது.

"அது கால் பக்கம் இல்லண்ணே. தலைப் பக்கம்."

ஊசிக்கண்ணருக்குப் புரியவில்லை.

"எங்க எதிர்வீட்டுக்குப் போன வாரம் இதே பை வந்துச்சு. உள்ள அவங்க மகன். திறப்பைக் கம்பியால கட்டி முத்திரை வச்சிருந்தாங்க. அதைப் பிரிக்கவே கூடாதுன்னு கூட வந்த சிப்பாய்ங்க நின்னுட்டாங்க. முகத்தையாவது பாக்கறேன்னு அந்தம்மா தலை இருந்த இந்தப் பக்கத்துத் தையலைப் பிடிச்சுப் பிராண்டினா. அசையல. நகம் பிய்ஞ்சு ரத்தம் வந்துச்சு. அப்பவும் அசையல. பாக்காமலே புதைச்சாங்க."

அவர் கையிலிருந்த பையின் பிளந்த முனையைத் தடவினார்.

"அது நான் போட்ட தையல்ண்ணே. நீங்க சொன்ன அதே இரட்டைத் தையல். என் முடிச்சு எனக்குத் தெரியாதா?"

அவர் சுவரோரம் அடுக்கியிருந்த பச்சைப் பைகளைப் பார்த்தார். ஆளுயரத்துக்கு ஆளுயரம், கூரை வரைக்கும்.

அவள் தன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குத் திரும்பினாள். அவர் அவள் கையைப் பிடித்துத் திரும்ப மேஜையில் உட்கார வைத்தார். ஊசியை எடுத்துக் கொடுத்தார். புதுப் பை ஒன்றை முன்னால் விரித்தார்.

"எந்த நூலை இழுக்கணும்னு எனக்கு ஒரு தடவை காட்டிடும்மா," என்றார். "வீட்டுல அவகிட்ட சொல்லி வைக்கணும்."