இரண்டாயிரத்து எண்ணூறாம் எண் வீடு

பிழையற்ற பதிவே தருமத்தின் முதல் படி என்று உதவி அரிசி அலுவலகத்தின் சுவரில் எழுதியிருந்தார்கள். அதன் கீழே உட்கார்ந்துதான் பஞ்சவர்ணத்தின் வாடகையைக் கதவு எண்ணுக்கான கட்டத்திலும், கதவு எண்ணை வாடகைக்கான கட்டத்திலும் கணினியில் அடித்தார்கள். வருமானத்தில் பாதியை வாடகைக்கே கொடுப்பவர்களுக்குத்தான் அரிசி என்பது விதி. அவளுக்கு இல்லை என்று வந்துவிட்டது.

“பதினாலு ரூபா வாடகையில இருக்கிற மகராசிக்கு அரிசி எதுக்கும்மா?” என்றார் மேற்பார்வையாளர் தணிகாசலம்.

“பதினாலு கதவு நம்பருங்க சார். ரெண்டாயிரத்து எண்ணூறுதான் வாடகை.”

“மூணு பேரு சரிபார்த்தது. வீட்ட நேர்ல பார்க்காம மாத்த முடியாது.”

மறுநாள் அவரே வந்து, இரண்டாயிரத்து எண்ணூறாம் எண்ணைத் தேடி வெயிலில் நடந்தார். இருபத்திரண்டாவது வீட்டோடு தெரு முடிந்துவிட்டது. நான்காவது நடையில் பஞ்சவர்ணம் அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

“இதுதான் சார் வீடு. ஒரு வாய் சாப்பிட்டுட்டு எழுதுங்க.”

“கம்ப்யூட்டர் சொல்ற வீட்டத்தாம்மா நான் பார்க்கணும்” என்றார், வருத்தத்தோடுதான். பிறகு கைகழுவி வந்து, ‘வீடு காணப்படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

சோறு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டிருந்தார்.