சுருட்டை

ஆறு வயது மகளோடு அவள் உள்ளே வந்ததுமே, பார்லர்காரியின் கண் சிறுமியின் தலைக்குத்தான் போனது. சீப்பு இறங்காத கன்னங்கரேல் சுருட்டை. அம்மாவுக்கோ ஸ்கார்ஃபுக்குக் கீழே தேன் நிறத்தில் வழுக்கி விழும் நேர்முடி.

"பாப்பா அப்பா ஜாடையா மேடம்?"

"இல்ல, அப்படியே அவ அம்மா ஜாடை."

பார்லர்காரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். இரண்டாம் தாரம் போலிருக்கிறது. இருந்தாலும் சொந்தப் பிள்ளை மாதிரிதான் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருக்கிறாள்.

"கவலைப்படாதீங்க மேடம். ஸ்ட்ரெய்ட்டன் பண்ணி, உங்க கலரையே போட்டுடலாம். பாப்பா அழகாயிடுவா."

"அதத்தான் அவளும் கேக்குறா. பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சதிலேர்ந்து, 'உன்ன மாதிரி முடி இல்லன்னா நான் அசிங்கமாம்மா?'ன்னு ஒரே அழுகை."

"அப்ப பாப்பாவ உக்கார வைக்கட்டுமா?"

"அவளுக்கு இல்ல, எனக்கு."

அவளே நாற்காலியில் உட்கார்ந்து ஸ்கார்ஃபை அவிழ்த்தாள். உச்சந்தலையில் விரற்கடை உயரத்துக்குக் கன்னங்கரேலென்று சுருள் சுருளாக முடி முளைத்திருந்தது.

"அவ அழ ஆரம்பிச்ச அன்னிக்கே சாயத்தையும் ஸ்ட்ரெய்ட்டனிங்கையும் விட்டுட்டேன். அவளுக்குத் தெரியாம வளத்தேன். இத மட்டும் விட்டுட்டு மிச்சத்த வெட்டிடுங்க."

தேன் நிற முடியெல்லாம் தரையில் விழுந்தது. சிறுமி அம்மாவின் தலையைத் தடவிப் பார்த்தாள், பிறகு தன் தலையை. அடுத்த நாற்காலியில் இருந்தவளிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள்:

"எங்கம்மா! என்ன மாதிரியே இருக்காங்க, பாத்தீங்களா?"