அவசரப் பொத்தான்

மேடவாக்கம் சாலையைப் புதிதாக அமைத்த பிறகு அங்கே விபத்தே இல்லை. யாராவது சாலையில் கால் வைத்தால் எல்லா வண்டிகளும் தாமாகவே நின்றுவிடும். பொறுமையில்லாதவர்கள் வண்டிக்குள் உள்ள பொத்தானை அழுத்தினால், 'சீக்கிரம் கடந்து செல்லுங்கள்' என்று நடப்பவரிடம் சாலையே சொல்லும்.

அலுவலக வேனில் இருந்த ஜெசிந்தாவும் மற்றவர்களோடு சேர்ந்து, தலைநிமிராமலே அழுத்தினாள். நிமிர்ந்தபோது, கழன்ற செருப்பை விட்டுவிட்டு ஒரு முதியவர் நொண்டியபடி ஓடிக்கொண்டிருந்தார். அவளுடைய அப்பா. அத்தனை பேர் முன்னால் அதைக் காட்டிக்கொள்ளாமல் அவள் மறுபடி தலையைக் குனிந்துகொண்டாள்.

மாலையில் அவர் வீங்கிய முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, பொத்தானை அமுக்கினதுல நானும் ஒருத்தி."

"தெரியும்மா. வேன்ல உன்னைப் பாத்தேன். உனக்கு நேரமாவுதேன்னுதான் ஓடினேன்."

தைலத்தை வாங்கித் தேய்த்துவிட்ட ஜெசிந்தாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.