வெளியாள்

“வெளியாளுக்குக் காட்டக் கூடாதும்மா. பதிப்பாளரோட ஒப்பந்தம் அப்படி. இங்க படிக்கறவங்க, பாடம் நடத்தறவங்க, அவ்வளவுதான்.”

மருத்துவக் கல்லூரி நூலகர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். எதிரே நின்றவள் நகரவில்லை. முப்பதைத் தாண்டியிருப்பாள். தோளில் துணிப்பை. நகங்களின் ஓரத்தில் வெள்ளைப் பொடி.

“ஒரே ஒரு கட்டுரை சார். எட்டுப் பக்கம். பதினாறு வருஷத்துக்கு முன்னால வந்தது.”

“எங்க வேலை பாக்கறீங்க?”

“மூக்குக்கண்ணாடிக் கடையில. லென்ஸ் தேய்க்கறேன்.”

அவர் அப்போதுதான் நிமிர்ந்தார். அவள் நீட்டிய சீட்டில் இருந்த கட்டுரைத் தலைப்பைப் படித்தார். “தசை நோய். இது உங்களுக்கு எதுக்கு?”

“எங்க அக்கா பொண்ணுக்கு இந்த நோய். பன்னெண்டு வயசு. போன மாசம் வரைக்கும் தானா படி ஏறினா. இப்ப ஸ்பூன் பிடிக்க முடியலை. ஒரு மருந்து இருக்கு, டாக்டர் தர மாட்டேங்கறார். அதைக் கொடுத்த நாலு பேருமே பிழைக்கலைன்னு இந்தக் கட்டுரையில போட்டிருக்காம்.”

“நல்லதுக்குத்தானே சொல்றார்?”

“அவர் படிச்சது சுருக்கம் மட்டும்தான் சார். அதுதான் இணையத்தில சும்மா கிடைக்குது. எட்டு மாசமா இந்த நோயைப் பத்திக் கைக்குக் கிடைச்ச எல்லாத்தையும் அகராதியை வச்சுக்கிட்டுப் படிச்சுட்டேன். இது ஒண்ணுதான் பூட்டிக் கிடக்கு. எழுதினவர் காலமாயிட்டார். தனியாளுக்கு விக்க மாட்டாங்களாம், நிறுவனத்துக்கு மட்டும்தானாம்.”

“டாக்டர்கிட்டயே பக்குவமா எடுத்துச் சொல்லிப் பாருங்களேன்.”

“சொன்னேன். என் பேச்சு எடுபடலை. அச்சில இருக்கறதைத்தான் நம்புவார்.”

நூலகர் பெருமூச்சு விட்டார். “போன வருஷம் ஒரு புண்ணியவான் கடவுச்சொல்லை வெளியில கொடுத்துட்டான். பதினோரு நாள் மொத்தக் கல்லூரிக்கும் இணைப்பு கிடையாது. மெமோ வந்தது எனக்கு. என்னை மறுபடி மாட்டி விடாதீங்கம்மா.”

அவள் பையிலிருந்து ஒரு தாள் கட்டை எடுத்து வைத்தாள். “உங்க ஒப்பந்தம்தான் சார். பதிப்பாளர் தளத்திலயே இருக்கு. பதினேழாம் பக்கம் பாருங்க. நூலகத்துக்குள்ள, உங்க கணினியில, வெளியாளும் உக்காந்து படிக்கலாம். பிரதி மட்டும் எடுக்கக் கூடாது.”

அவர் அந்த வரியை மூன்று முறை படித்தார். முகத்தில் அசடு வழிந்தது.

“இத்தனை வருஷத்தில நான் பத்தாம் பக்கத்தைத் தாண்டினதே இல்ல,” என்றபடி ஜன்னலோரக் கணினியில் கட்டுரையைத் திறந்து கொடுத்தார்.

அவள் முதல் பக்கத்தைப் பார்க்கவேயில்லை. நேராக ஆறாம் பக்கத்து அட்டவணைக்குப் போனாள். பென்சிலால் ஒவ்வொரு எண்ணாக எழுதிக்கொண்டே வந்தவள், சட்டென்று நிறுத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

நூலகர் பதறி எழுந்து வந்தார். “என்னம்மா ஆச்சு?”

அவள் கடைசி வரியைத் தொட்டுக் காட்டினாள். அவர் அதை மெல்லத் தமிழில் சொல்லிப் பார்த்தார். “நாலாவது நோயாளி. பெண், பதினாலு வயசு. ஆறாம் வாரத்தோட சிகிச்சைக்கு வர்றதை நிறுத்திட்டார். இறந்ததாகக் கொள்ளப்பட்டது.” அவர் புருவம் சுருங்கியது. “கொள்ளப்பட்டதா? அப்ப யாரும் போய்ப் பாக்கவே இல்லையா?”

“பாக்கலை சார்.”

“அநியாயமா இருக்கே! ஆனா இப்ப அந்தப் பொண்ணை எங்கன்னு போய்த் தேடுவீங்க?”

அவள் பையின் உள்ளறையிலிருந்து பழுப்பேறிய மருத்துவமனைச் சீட்டு ஒன்றை எடுத்துத் திரையோடு சேர்த்துப் பிடித்தாள். சேர்த்த தேதி, வயது, எடை, மருந்தின் அளவு எல்லாம் அச்சு அசலாக ஒத்துப்போயின.

“அப்பாவுக்கு வேலை மாறி வேற ஊருக்குப் போயிட்டோம். மீதி மருந்தை அங்க சாப்பிட்டேன்,” என்றாள். “நாலாவது நோயாளி நான்தான் சார்.”