குலுங்கக் கூடாத பெட்டி

"இஞ்சேருங்கோப்பா, மெல்லமா ஓடுங்கோ. பெட்டி குலுங்கக் கூடாது!"

மவுண்ட் ரோஸ்கில்லில் காரில் ஏறியதிலிருந்து அன்னபாக்கியம் இதையே ஓதிக்கொண்டிருந்தாள். மகள் கஜானி கட்டப்போகிற மின்ஜே, கொரியாப் பையன். அவனுடைய தாயாரை இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கப் போகிறார்கள். அவருக்கென்று விடியவே எழும்பி, வீடியோ பார்த்து, கொரியாவில் முந்திப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொண்டுபோன மாதிரித் தகரப் பெட்டியில் சாப்பாடு கட்டியிருந்தாள். சோறு, அதன்மேல் பொரித்த முட்டை, பக்கத்தில் காரமாய் ஊறவைத்த கிம்ச்சி, சொசேஜ். கோலம் போட்டதுபோல ஒன்றோடொன்று முட்டாமல் இருந்தன.

"வீடியோவை முழுக்கப் பாத்தனீரோ?" என்றார் காரோட்டிக்கொண்டிருந்த கணவர் சபாரத்தினம்.

"அடுக்கிற வரைக்கும் பாத்தனான். அவையள் சாப்பிடுறதை நான் ஏன் பாக்க?"

மனுகாவில் மின்ஜேயின் வீட்டுத் தெருவிலேயே ஒரு வேகத்தடை. சபாரத்தினம் கவனிக்கவில்லை. கார் துள்ள, மடியிலிருந்த பெட்டி எகிறிக் காலடியில் இரண்டு முறை உருண்டது.

"போச்சு! சம்பந்தமே போச்சு!"

வாசலில் மின்ஜே, அவன் தாயார், முன்னமே வந்திருந்த கஜானி எல்லோரும் காத்து நின்றார்கள். அன்னபாக்கியம் பெட்டியை நீட்டினாள். மின்ஜேயின் தாயார் மூடியைத் திறந்தார். முட்டையும் கிம்ச்சியும் சோறும் ஒரே குழையலாய்க் கிடந்தன. அவர் துள்ளிக் குதித்துக் கைதட்டினார். கொரிய மொழியில் படபடவென்று ஏதோ சொன்னார். மின்ஜேயிடம் கேட்டு, கஜானி சிரித்தாள்.

"அம்மா, இதை நல்லாக் குலுக்கிப்போட்டுத்தானாம் சாப்பிடுறது. ஆர் இவ்வளவு சரியாக் குலுக்கினது எண்டு கேக்கிறா."

அன்னபாக்கியம் வாய் திறக்குமுன் சபாரத்தினம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தார்.

"அப்பாதான் எண்டு சொல்லு, பிள்ளை!"