எழுதியவர் வாய் திறக்கக் கூடாது

ஒஹாயோ கல்லூரியில் கவிதை சொல்லிக்கொடுத்த மார்லீன் முப்பது வருஷமாக ஒரு சட்டத்தை விட்டுக்கொடுத்ததில்லை. வகுப்பில் அலசும் கவிதைத் தாளில் எழுதியவர் பெயர் இருக்காது. மற்றவர்கள் அலசி முடிக்கும்வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. கடைசியில் நன்றி மட்டும் சொல்லலாம். எத்தனை பிள்ளைகள் அவள் எதிரில் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்!

ஓய்வு பெறும் நாளில், செத்துப்போன கணவன் வால்டரைப் பற்றி எழுதி யாருக்கும் காட்டாத கவிதையை அந்தத் தாள்களுக்குள் செருகிவிட்டாள்.

"சாவைக் காட்டி அழவைக்கப் பார்க்கிறாங்க" என்றான் அதைப் படித்த ஒருவன்.

"வால்டர் யாரா இருந்தா நமக்கென்ன?" என்றாள் இன்னொருத்தி. வகுப்பே சிரித்தது.

"நீங்க என்ன சொல்றீங்க, புரொபசர்?"

மார்லீன் சிவப்புப் பேனாவைத் திறந்தாள். "வால்டர் வர்ற வரியையெல்லாம் வெட்டிடலாம்."

நன்றி சொல்லப்போவது யாரென்று பதினான்கு மாணவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.