மூக்காயிக்கு வந்த கோடி

வண்டி நிற்பதற்குள் ஆண்டியப்பன் குதித்து இறங்கி, தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தான். பின்னாலேயே அவன் ஊரான திருவரங்குளத்துப் பெண்கள் மாரடித்துக்கொண்டு வந்தார்கள்.

"என்னப் பெத்த ஆத்தா, தங்கச்சி, போயிட்டியே!"

அடுப்படியில் உட்கார்ந்திருந்த மூக்காயி எழுந்து வாசலுக்கு வந்தாள்.

தங்கச்சியைக் கண்டதும் ஆண்டியப்பனுக்குத் திறந்த வாய் மூடவில்லை. அழுகை பாதியில் நின்றது.

அவன் கையில் ஒரு புதுச் சேலை. செத்தவளுக்குப் பிறந்த வீட்டார் கொண்டுவந்து போர்த்தும் கோடி.

மூக்காயிக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. பனிக்காலம் வந்தால் படுக்க முடியாது; சுவரில் சாய்ந்தபடியே விடியும். மூச்சு முட்டும்போதெல்லாம் இதுதான் கடைசி என்று நடுங்குவாள். அந்தக் கோடியைக் கனவில் கண்டு எத்தனையோ முறை அலறி எழுந்திருக்கிறாள்.

சமஸ்தானம் போய் ராஜா ஆட்சி முடிந்த மறு வருஷத்துத் தை மாதம் அது. 'வல்லத்திராக்கோட்டை மூக்காயி போயிட்டா, அந்த இழுப்புக்காரி' என்று சந்தையில் யாரோ சொல்ல, ஆண்டியப்பன் வண்டி பூட்டிவிட்டான்.

செத்தது அதே ஊர்க் கீழத்தெரு மூக்காயி.

பேரும் ஒன்று, நோயும் ஒன்று. அதனாலேயே இவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கீழத்தெருப் பக்கம் போனதில்லை. எதிரே அவள் வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஆண்டியப்பன் சிரிப்பும் அழுகையுமாகச் சேலையை வண்டிக்குள் ஒளிக்கப் போனான்.

"அதை இங்கிட்டுக் குடுங்கண்ணே. அவளுக்குப் பொறந்த வீட்டுல ஆளே இல்லை. நீங்களே அண்ணனா நின்னு போடுங்க."

"ஒனக்கு எதுக்கு ஆத்தா இதெல்லாம்? பார்த்தா பயந்துக்கிருவே."

அதற்குள் அவள் தெருவில் இறங்கிவிட்டாள். நடுவழியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினாள். மறுபடி நடந்தாள்.

செத்தவளை வாசலில் கிடத்தியிருந்தார்கள். வாய் பிளந்து, கண் பிதுங்கி, கிடைக்காத மூச்சுக்கு இன்னும் தவிக்கிற முகத்தைத்தான் அவள் எதிர்பார்த்திருந்தாள். மனதைக் கல்லாக்கிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

நெற்றியில் ஒரு சுருக்கம் இல்லை.

இழுப்புக்காரிக்குத் தோள் எப்போதும் ஏறித்தான் இருக்கும். மூக்காயிக்குத் தெரியாததா? அந்தத் தோள்கள் இரண்டும் இறங்கியிருந்தன. வேலை முடிந்து படுத்தவள் மாதிரி இருந்தாள்.

அண்ணனும் தங்கச்சியுமாகக் கோடியைப் போர்த்தினார்கள்.

அப்புறம்தான் மூக்காயி உடைந்து அழுதாள். பயத்தில் அழவில்லை. தான் ஒருநாள், ஒரே ஒருநாள், செத்துக் கிடக்கிற இவளிடம் வந்து பேசியிருக்கலாமே என்று அழுதாள். தான் படுகிற பாடு ஊரில் இன்னொருத்திக்குத் தெரியுமென்றால் அது இவளுக்குத்தானே.

குளித்துவிட்டுத் திரும்பியதும் ஆண்டியப்பன் வண்டி பூட்டினான். அவளை ஆடித் திருவிழாவுக்கு அழைக்க நினைத்து, வழக்கமான பதில்தான் வருமென்று வாயை மூடிக்கொண்டான். நாளைக்கு இருப்பேனோ என்னவோ என்பாள். பல வருஷமாக அதுதான் பதில்.

மாடு நகர்ந்ததும் மூக்காயி வண்டியோடு கூடவே நாலடி நடந்தாள்.

"ஆடித் திருவிழாவுக்கு வாரேண்ணே. மதினிகிட்ட எனக்கும் சேர்த்து உலை வைக்கச் சொல்லுங்க."